பெர்த் நகரத்துப் பெற்றோர்

2007-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், மேற்கு ஆஸ்திரேலியாவின் தலைநகரான பெர்த்தில், ஐந்து வயதுகூட நிரம்பாத மூன்று குழந்தைகள் அடுத்தடுத்து இறந்தார்கள். இன்ஃப்ளூயன்சா வைரஸ் தொற்றியிருந்தது. அது பலவீனமாக்கிய உடம்பில் பாக்டீரியாவும் புகுந்துகொண்டது. அந்த ஊர்ப் பெற்றோருக்கு அதுவரை ஃப்ளூ என்றால் வயதானவர்களைப் படுக்கையில் தள்ளும் நோய். குழந்தைக்கு வந்தால் மூக்கு ஒழுகும், இரண்டு மூன்று நாள் உடம்பு கொதிக்கும், பெற்றோரில் ஒருவர் வேலைக்கு லீவு போட வேண்டிவரும். அவ்வளவுதான் என்று நினைத்திருந்தவர்களை அந்த மூன்று மரணங்கள் உலுக்கிவிட்டன.

மாநில அரசு தாமதிக்கவில்லை. 2008 முதல், ஆறு மாதக் குழந்தையிலிருந்து ஐந்து வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளுக்கும் ஃப்ளூ ஊசி இலவசம் என்று அறிவித்தது. ஆஸ்திரேலியாவின் வேறெந்த மாநிலமும் அப்போது அதைச் செய்யவில்லை. பெற்றோர் வந்தார்கள். எல்லோரும் வரவில்லை, ஐந்தில் ஒரு குழந்தை, நல்ல ஆண்டில் மூன்றில் ஒரு குழந்தை என்ற அளவில் ஊசி போடப்பட்டது. ஒரு புதிய தடுப்பூசிக்கு, அதுவும் ஆண்டுதோறும் போட வேண்டிய ஒன்றுக்கு, இது நல்ல தொடக்கம். ஊசி பயனும் தந்தது. பெர்த்தின் பிரின்சஸ் மார்கரெட் குழந்தைகள் மருத்துவமனையில் 2008-இல் தொடங்கிச் சில ஆண்டுகள் நடந்த ஆய்வு, ஊசி போட்ட குழந்தைகளுக்குப் பரிசோதனையில் உறுதியான ஃப்ளூ வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்ததைக் காட்டியது.

2010 ஏப்ரலில் எல்லாம் தலைகீழானது. அந்த மாதம் அதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் பெற்றோர் வலிப்பு வந்த குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தார்கள். விசாரித்தால், சில மணி நேரத்துக்கு முன்புதான் ஃப்ளூ ஊசி போட்டிருந்தார்கள். ஊசிக்குப் பிறகு உடம்பு சூடேறி, அந்தச் சூட்டில் வலிப்பு வந்திருக்கிறது. காய்ச்சல் வலிப்பு அபூர்வமானதில்லை. ஐந்து வயதுக்குள் நூற்றில் இரண்டு முதல் ஐந்து குழந்தைகளுக்கு ஒருமுறையாவது அது வருகிறது. பெரும்பாலும் எந்தத் தடமும் விடாமல் போய்விடுகிறது. ஆனால் அந்த ஏப்ரலில் வந்தது வழக்கத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஒரு குழந்தைக்கு மூளை மீளமுடியாத அளவுக்குப் பாதிக்கப்பட்டது. ஏப்ரல் 23 அன்று நாடு முழுவதும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு ஃப்ளூ ஊசி போடுவது நிறுத்திவைக்கப்பட்டது.

என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க ஆண்டுகள் பிடித்தன. குற்றம் ஒரே ஒரு தயாரிப்பின் மேல் விழுந்தது: ஆஸ்திரேலியாவின் சிஎஸ்எல் நிறுவனம் தயாரித்த ஃப்ளூவாக்ஸ். ஃப்ளூ தடுப்பூசிக்கான வைரஸைக் கோழிமுட்டையில் வளர்த்து, செயலிழக்கச் செய்து, பிறகு சோப்புப் போன்ற ஒரு வேதிப்பொருளால் உடைப்பார்கள். வைரஸின் கொழுப்பு உறை சிதறி, நோய் எதிர்ப்புக்குத் தேவையான புரதங்கள் பிரிந்து நிற்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வைரஸ் மாறுவதால் தடுப்பூசியில் சேர்க்கும் ரகங்களும் மாறும். 2010-இல் தெற்கு அரைக்கோளத்துக்கான ஊசியில் மூன்று ரகங்களுமே புதியவை. முந்தைய ரகங்களை உடைக்கப் போதுமாக இருந்த அந்த வேதிப்பொருளின் அளவு, இந்தப் புதியவற்றுக்குப் போதவில்லை. சரியாகச் சிதையாத கொழுப்பும் வைரஸின் ஆர்என்ஏ துணுக்குகளும் மருந்திலேயே தங்கிவிட்டன. சின்னக் குழந்தையின் நோயெதிர்ப்புச் செல்கள் அந்தத் துணுக்குகளைக் கண்டதும் உண்மையான வைரஸே வந்துவிட்டதைப்போல எழுந்து, காய்ச்சலைக் கிளப்பும் சுரப்புகளைக் கொட்டின. மற்ற நிறுவனங்களின் ஊசிகளில் இந்தக் கோளாறு இல்லை.

பேராசிரியர் பிரயன்ட் ஸ்டோக்ஸ் தலைமையில் மாநில அரசு நடத்திய விசாரணை இன்னொன்றையும் வெளிக்கொண்டு வந்தது. குழந்தைகளுக்கு என்ன நேர்கிறது என்ற தகவல் ஒரே இடத்தில், உரிய நேரத்தில் சேரவில்லை. பக்கவிளைவைக் கண்ட மருத்துவர் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதிலேயே தெளிவில்லை. மருந்தில் இருந்த கோளாறு ஒன்று; அதைக் கவனிக்க வேண்டிய ஏற்பாட்டில் இருந்த கோளாறு இன்னொன்று. என் பார்வையில் இரண்டாவதுதான் பெரியது.

அதே ஆண்டிலேயே, வேறு நிறுவனங்களின் ஊசிகளை மீண்டும் போடலாம் என்று அரசு சொன்னது. அறிவியல் அதற்குத் துணை நின்றது. ஆனால் மேற்கு ஆஸ்திரேலியாவின் பெற்றோர் திரும்பி வரவில்லை. ஊசி போட்ட குழந்தைகளின் விகிதம் பத்தில் ஒன்றுக்கும் கீழே இறங்கி, பல ஆண்டுகள் அங்கேயே கிடந்தது. ஊசி அப்போதும் இலவசம்தான். வைரஸும் ஒவ்வொரு குளிர்காலமும் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது.

இந்தப் பெற்றோரை அறியாமை பிடித்தவர்கள் என்று சொல்ல என்னால் முடியவில்லை. 2008-இல் ஊசிக்கு வந்ததும் இவர்கள்தான், 2010-க்குப் பிறகு விலகியதும் இவர்கள்தான். இடையில் இவர்களுடைய கல்வியோ அன்போ அறிவியல் அறிவோ குறைந்துவிடவில்லை. இன்ஃப்ளூயன்சா தடுப்பூசியை ஏற்பதும் மறுப்பதும் பற்றி உலகெங்கும் நூற்றுக்கணக்கான ஆய்வுகள் நடந்திருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை தாயிடமோ தந்தையிடமோ கேள்வித்தாளைக் கொடுத்து, அவர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று தேடுகின்றன. மனதில் இருப்பது முக்கியம்தான். ஆனால் அந்த மனம் எதைப் பார்த்தது, யார் பேச்சைக் கேட்டது, எவ்வளவு தொலைவு நடக்க வேண்டியிருந்தது என்பவைதான் முடிவின் பெரும்பகுதியைத் தீர்மானிக்கின்றன.

முதலில் மனதையே எடுத்துக்கொள்வோம், அதில் உண்மையிலேயே ஒரு முடிச்சு இருப்பதால். 1990-இல் இலானா ரிடோவ், ஜொனதன் பேரன் என்ற இரு உளவியலாளர்கள் ஒரு கற்பனைக் கணக்கை மக்கள் முன் வைத்தார்கள். ஒருவகை ஃப்ளூ பரவப்போகிறது. 10,000 குழந்தைகளில் 10 பேர் அதில் இறப்பார்கள். அதைத் தடுக்க ஊசி இருக்கிறது. ஆனால் ஊசியாலேயே சில குழந்தைகள் இறக்கக்கூடும். ஊசியால் எத்தனை பேர் வரை இறந்தாலும் உங்கள் குழந்தைக்குப் போடுவீர்கள்? வெறும் கணக்குப் பார்த்தால், 9 பேர் இறந்தாலும் போடுவதே சரி. 10-ஐ விட 9 குறைவு. பலர் அந்தப் பக்கமே போகவில்லை. ஊசியின் ஆபத்து நோயின் ஆபத்தைவிட வெகுவாகக் குறைந்தால்தான் சம்மதிப்போம் என்றார்கள். ஒரு மரணம்கூட இருக்கக் கூடாது என்றவர்களும் உண்டு. செய்ததால் வரும் தீங்கு, செய்யாமல் விட்டதால் வரும் தீங்கைவிட நம் மனதுக்குப் பாரமாக இருக்கிறது.

ஏன் அப்படி என்று நம் வீடுகளில் வளர்ந்த எவருக்கும் விளக்க வேண்டியதில்லை. குழந்தை நோயால் செத்தால் ஊரே வந்து கூட அழும். ஊசியால் செத்தால், "நீதானே தூக்கிட்டுப் போனே?" என்று யாராவது கேட்பார்கள். யாரும் கேட்பதற்கு முன்பே தாய் தன்னைத் தானே அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள், ஆயுள் முழுக்க. அவள் எடுக்கும் முடிவில் குழந்தையின் ஆபத்து மட்டுமில்லை, அவள் சுமக்கப்போகும் பழியும் இருக்கிறது. குழந்தையின் இடத்தில் நின்று பார்த்தால் கணக்கு மாறும்: எதனால் சாகிறோம் என்பது குழந்தைக்கு ஒரு பொருட்டில்லை, பிழைக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் முடிவெடுப்பது குழந்தை இல்லையே. 2010-க்குப் பிறகு பெர்த்தில் ஊசியைத் தவிர்த்தவர்களுக்கு இந்தப் பழி வெறும் கற்பனைக் கணக்காக இருக்கவில்லை. தெரிந்த முகங்கள், தங்கள் ஊர் மருத்துவமனை, அன்றாடச் செய்தி என்று அது வீட்டு வாசலுக்கே வந்திருந்தது.

இன்ஃப்ளூயன்சா ஊசிக்கென்றே தனியாகச் சில சங்கடங்களும் உண்டு. தட்டம்மை ஊசியைக் குழந்தைக்கு இரண்டு தவணை போட்டால் ஆயுளுக்கும் போதும். பெற்றோர் அதைப் பற்றி மறுபடி யோசிக்க வேண்டாம். ஃப்ளூ வைரஸ் தன் மேற்புறப் புரதங்களை ஓயாமல் மாற்றிக்கொண்டே இருப்பதால், உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இருமுறை கூடுகிறது. பிப்ரவரியில் வடக்கு அரைக்கோளத்துக்கும் செப்டம்பரில் தெற்குக்கும் எந்தெந்த ரகங்கள் வேண்டும் என்று அங்கே முடிவு செய்கிறார்கள். அதற்கேற்பப் புது ஊசி வரும். ஒன்பது வயதுக்குட்பட்ட குழந்தைக்கு முதன்முறை என்றால் நான்கு வார இடைவெளியில் இரண்டு தவணை. பிறகு ஆண்டுக்கு ஒன்று. ஆக, பெற்றோர் ஒருமுறை "சரி" என்று சொன்னால் போதாது, ஒவ்வோர் ஆண்டும் புதிதாகச் சொல்ல வேண்டும். ஓர் ஆண்டு குழந்தைக்கு உடம்பு சரியில்லாத நாளில் தவணை வந்தாலோ, அப்பா வெளியூர் போயிருந்தாலோ, எந்த எதிர்ப்பும் இல்லாமலேயே ஊசி விட்டுப்போகும். இப்படி விட்டுப்போனவர்களையும் மறுத்தவர்களோடு சேர்த்து ஒரே புள்ளிவிவரத்தில் எழுதிவிடுகிறோம்.

ஊசியின் பாதுகாப்பும் முழுமையானதில்லை. ரகங்கள் பொருந்திய ஆண்டில் நோய் வரும் வாய்ப்பை 40 முதல் 60 விழுக்காடு குறைக்கும். பொருந்தாத ஆண்டில் இன்னும் குறைவு. அமெரிக்காவில் 2014-15 பருவத்தில் அது 20 விழுக்காட்டைக்கூட எட்டவில்லை. தாய்க்கு இது எப்படித் தெரிகிறது என்று யோசித்துப் பாருங்கள். பள்ளி செல்லும் வயதை எட்டாத குழந்தைக்கு ஆண்டுக்கு ஆறு முதல் எட்டுமுறை சளி பிடிப்பது இயல்பு. ரைனோ வைரஸ், ஆர்எஸ்வி, அடினோ வைரஸ் என்று அதற்குக் காரணமானவை பல. ஃப்ளூ ஊசி இவற்றில் எதையும் தடுக்காது. அந்த ஆறோ எட்டோ சளிகளும் பெரும்பாலும் ஒரே பருவத்தில் குவிகின்றன. ஊசியைப் போடுவதும் அந்தப் பருவத்தின் தொடக்கத்தில்தான். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் குழந்தைக்கு ஒரு சளி பிடிக்க நிறையவே வாய்ப்பு உண்டு. "ஊசி போட்டதுலேர்ந்துதான் இவனுக்குச் சளியே விடலை" என்று தாய் சொன்னால், அவள் பொய் சொல்லவில்லை. நாட்களை அவள் சரியாகவே எண்ணியிருக்கிறாள். காரணத்தை மட்டும் தவறான இடத்தில் வைத்திருக்கிறாள். செயலிழந்த வைரஸின் துண்டுகளால் ஆன ஊசி ஃப்ளூவை உண்டாக்க முடியாது. ஓரிரு நாள் காய்ச்சலையும் கைவலியையும் தரலாம்.

இதை எடுத்துச் சொல்லிவிட்டால் போதுமே என்று தோன்றும். எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. இல்லாவிட்டால் அறிவியல் நூல் எழுதுவதில் என்ன பொருள்? ஆனால் பிரெண்டன் நைஹன், ஜேசன் ரைஃப்ளர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 2015-இல் வெளியிட்ட முடிவு இந்த நம்பிக்கைக்கு ஓர் எல்லையைக் காட்டுகிறது. ஃப்ளூ ஊசியே ஃப்ளூவைத் தரும் என்று அமெரிக்கர்களில் 43 விழுக்காட்டினர் நம்பினார்கள். அது தவறு என்று அரசு நோய்த்தடுப்பு மையத்தின் விளக்கத்தைப் படிக்கக் கொடுத்தபோது, அந்த நம்பிக்கை குறைந்தது. ஆனால் பக்கவிளைவைப் பற்றி ஏற்கெனவே மிகவும் அஞ்சியவர்களிடம், ஊசி போட்டுக்கொள்ளும் எண்ணமும் சேர்ந்து குறைந்துவிட்டது. ஒரு காரணத்தை அவர்கள் கையிலிருந்து பிடுங்கினால், அச்சம் வேறொரு காரணத்தைத் தேடிக்கொண்டது. தகவல் பொய்யைத் திருத்தியது. அச்சத்தை அதனால் தொட முடியவில்லை.

பெற்றோர் எதைக் கண்ணால் பார்க்கிறார்கள் என்பதற்கு ஆஸ்திரேலியாவே இன்னொரு சான்றைத் தருகிறது. 2017-இன் கடுமையான ஃப்ளூ பருவத்துக்குப் பிறகு, 2018-இல் பெரும்பாலான மாநிலங்கள் ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு ஊசியை இலவசமாக்கின. 2020-இல் அது நாடு முழுவதற்கும் ஆனது. ஊசி போட்டுக்கொண்ட குழந்தைகள் பத்தில் நான்கு பேர் என்ற அளவுக்கு உயர்ந்தார்கள். அதே ஆண்டில் கொரோனாவுக்காக எல்லைகள் மூடப்பட்டன. ஃப்ளூ நாட்டுக்குள் வரவே வழியில்லாமல் ஏறக்குறைய மறைந்துபோனது. நோய் மறைந்ததும் ஊசி போடுவோர் எண்ணிக்கையும் சரிந்தது. வைரஸ் திரும்பிய பிறகும் அது முழுதாக மீளவில்லை. அண்மை ஆண்டுகளில் நான்கு குழந்தைகளில் ஒருவர் என்ற அளவை ஒட்டியே நிற்கிறது. ஒரு குளிர்காலம் முழுக்க ஃப்ளூ வந்த குழந்தை ஒன்றையும் பார்க்காத தாய், அடுத்த ஆண்டு ஏன் ஊசிக்கு வர வேண்டும்?

நோயைப் பார்க்காதது அதன் கடுமையை மறைத்துவிடுகிறது என்பதே இதில் என் கவலை. 2018-இல் மட்டும் உலகில் ஐந்து வயதுக்குட்பட்ட 10 கோடிக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு ஃப்ளூ வந்ததாகவும், அதனால் ஏற்பட்ட நுரையீரல் தொற்றில் 34,800 பேர் வரை இறந்திருக்கலாம் என்றும் ஒரு பன்னாட்டு மதிப்பீடு சொல்கிறது. இந்த மரணங்களில் பெரும்பகுதி ஏழை நாடுகளில். அமெரிக்காவில் 2024-25 பருவத்தில் குறைந்தது 280 குழந்தைகள் ஃப்ளூவால் இறந்தார்கள். இறந்தவர்களில், ஊசி போடத் தகுதியிருந்து, போட்டார்களா என்ற விவரமும் தெரிந்த குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் முழுமையாக ஊசி போடாதவர்கள். அந்நாட்டில் ஃப்ளூவால் இறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதற்கு முன்பு எந்த நோயும் இல்லாதவர்கள். அப்படிப்பட்ட ஆரோக்கியமான குழந்தைகளிடையே ஃப்ளூ மரணத்தின் வாய்ப்பை ஊசி 65 விழுக்காடு குறைத்ததாக 2010 முதல் 2014 வரையிலான பதிவுகளைக் கொண்டு நடந்த ஆய்வு காட்டியது. "நம்ம புள்ள நல்லா திடமாத்தானே இருக்கு" என்ற ஆறுதலை இந்த எண்கள் நம்மிடமிருந்து எடுத்துவிடுகின்றன.

இங்கே மருத்துவரின் பங்குக்கு வருகிறேன். ஃப்ளூ ஊசி பற்றிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப மேலெழுந்து வரும் காரணம் ஒன்று உண்டென்றால், குழந்தையை வழக்கமாகப் பார்க்கும் டாக்டர் "போட்டுக்கொள்ளுங்கள்" என்று வாய்விட்டுச் சொன்னாரா என்பதுதான். எப்படிச் சொன்னார் என்பதும் முக்கியம். சியாட்டில் நகரப் பகுதியில் டக்ளஸ் ஓப்பலும் அவர் குழுவினரும் குழந்தை மருத்துவர்களுக்கும் பெற்றோருக்கும் நடந்த 111 உரையாடல்களைக் காணொளியாகப் பதிவுசெய்து, 2013-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஃப்ளூ மட்டுமில்லை, குழந்தைப் பருவ ஊசிகள் எல்லாவற்றையும் பற்றிய உரையாடல்கள் அவை. "இன்னைக்கு இந்த ஊசிகள் போடணும்" என்ற தோரணையில் மருத்துவர் தொடங்கியபோது பெற்றோரில் 26 விழுக்காட்டினர் தயங்கினார்கள். "ஊசி விஷயத்துல என்ன பண்ணலாம்னு நினைக்கிறீங்க?" என்று தொடங்கியபோது 83 விழுக்காட்டினர் தயங்கினார்கள். தயங்கியவர்களிடம் மருத்துவர் தன் பரிந்துரையை விடாமல் மறுபடி எடுத்துச் சொன்னபோது, அவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் ஏற்றுக்கொண்டார்கள்.

இதைப் படிக்கும்போது, பெற்றோரின் உரிமையைத் தந்திரமாகப் பறிப்பதாக ஆகாதா என்ற கேள்வி எழுவது நியாயமே. நான் இதை வேறுவிதமாகப் புரிந்துகொள்கிறேன். ரிடோவும் பேரனும் காட்டிய அந்தப் பழியின் பாரத்தை நினைவில் கொள்ளுங்கள். "என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கும் மருத்துவர் பாரம் முழுவதையும் தாயின் தோளில் ஏற்றிவிடுகிறார். "போடணும்" என்று சொல்லும் மருத்துவர் அதில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்கிறார். நாளைக்கு ஏதாவது ஆனால், "டாக்டர் சொன்னார், போட்டேன்" என்று அவளால் சொல்லிக்கொள்ள முடியும். பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளும் ஒருவர் எதிரில் இருப்பதுதான் அவளுக்குக் கிடைக்கும் தைரியம். மருத்துவர் அந்தப் பொறுப்பைச் சொல்லால் மட்டும் ஏற்றால் போதாது. ஊசிக்குப் பிறகும் குழந்தையைக் கவனிக்க வேண்டும்.

பெர்த்தில் ஒரு குடும்ப மருத்துவர் அதைச் செய்தார். 2010-இன் குழப்பத்தைக் கண்ட ஆலன் லீப், தன் மருத்துவமனையில் ஊசி போட்ட குழந்தைகளின் பெற்றோருக்குச் சில நாள் கழித்துக் கைபேசிக்கு ஒரு குறுஞ்செய்தி போகும்படி ஏற்பாடு செய்தார்: குழந்தைக்கு ஏதாவது ஆயிற்றா, ஆம் அல்லது இல்லை என்று பதில் அனுப்புங்கள். ஸ்மார்ட்வேக்ஸ் என்று பெயர்பெற்ற அந்த முறை, பின்னர் ஆஸ்வேக்ஸேஃப்டி என்ற நாடு தழுவிய கண்காணிப்பின் அங்கமாயிற்று. 2010-இல் இல்லாமல்போன ஏற்பாடு அதுதான். எந்த ஊசியிலாவது காய்ச்சல் வழக்கத்தைவிட அதிகமானால், இப்போது அது சில நாட்களிலேயே தெரிந்துவிடும். அறிவியல் தன் தவறிலிருந்து எப்படிக் கற்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேர்மையான ஓர் எடுத்துக்காட்டை நான் அறியேன். குறுஞ்செய்தி வேறொரு விதத்திலும் உதவியிருக்கிறது. நியூயார்க்கில் வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு ஊசியை நினைவூட்டிச் செய்தி அனுப்பியபோது, செய்தி பெறாத குழுவில் 39.9 விழுக்காடு குழந்தைகளும் பெற்ற குழுவில் 43.6 விழுக்காடு குழந்தைகளும் ஊசி போட்டிருந்தார்கள். சிறிய உயர்வுதான். ஆனால் அந்தக் குழந்தைகளின் பெற்றோருக்கு வாதம் தேவைப்படவில்லை, நினைவூட்டல்தான் தேவைப்பட்டது.

குழந்தைக்கு ஊசி போடுவதால் யாருக்கு நன்மை என்ற கேள்வியும் இருக்கிறது. ஜப்பான் 1962 முதல் பள்ளிக் குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி போட்டது. 1977-இல் அதைச் சட்டப்படி கட்டாயமாக்கியது. பக்கவிளைவு வழக்குகளும் ஐயங்களும் பெருகின. மாயேபாஷி நகரம் ஒரு குழந்தைக்கு வலிப்பு வந்ததை அடுத்துத் திட்டத்தையே நிறுத்தியது. 1987-இல் பெற்றோர் விரும்பினால் மறுக்கலாம் என்று ஆனது. 1994-இல் எல்லாம் முடிந்தது. பள்ளிகளில் ஃப்ளூ நிற்கவில்லையே, பிறகு எதற்கு என்பது அப்போதைய வாதம். 2001-இல் வெளிவந்த ஓர் ஆய்வு பழைய மரணப் பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்தது. குழந்தைகளுக்கு ஊசி போட்ட காலத்தில் ஆண்டுக்கு 37,000 முதல் 49,000 மரணங்கள் தவிர்க்கப்பட்டதாகவும், அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள் என்றும் அது கணக்கிட்டது. இந்தக் கணக்கை ஏற்காத ஆய்வாளர்களும் உண்டு. ஆனால் கனடாவில் ஹட்டரைட் என்ற கிறித்தவச் சமூகத்தாரின் பண்ணைக் குடியிருப்புகளில் முறையாக நடந்து, 2010-இல் வெளியான சோதனை அதே திசையையே காட்டியது. குழந்தைகளுக்கு ஊசி போட்டதால், ஊசி போடாத மற்றவர்களுக்கு ஃப்ளூ வருவது 61 விழுக்காடு குறைந்தது.

கையெழுத்துக் கேட்டு வந்த படிவத்தைப் பார்த்த ஜப்பானியப் பெற்றோரிடம், "இது வீட்டில் இருக்கும் தாத்தாவையும் காப்பாற்றும்" என்று யாராலும் சான்றோடு சொல்ல முடியவில்லை. அப்போது அது யாருக்கும் உறுதியாகத் தெரியாது. தெரிந்திருந்தால் எத்தனை பேர் சம்மதித்திருப்பார்கள்? தாத்தாவுக்காகப் பேரனைக் குத்தலாமா என்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் ஊசி பேரனையும் காக்கிறது என்கிறபோது, தாத்தாவும் பாட்டியும் அதே வீட்டில் படுத்துறங்கும் நம் குடும்பங்களில் இது வெளிப்படையாகப் பேசப்பட வேண்டிய செய்தி.

தமிழ்நாட்டில் பெரும்பாலான பெற்றோர் இந்த ஊசியைப் பற்றி முடிவே எடுப்பதில்லை. அது அரசின் இலவசத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை. இந்திய குழந்தை மருத்துவர்கள் சங்கம் ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கு ஆண்டுதோறும் போடப் பரிந்துரைக்கிறது. தனியாரிடம் போட்டால் ஒரு தவணைக்கு ஆயிரம் ரூபாயைத் தாண்டும். தினக்கூலியில் வாழும் குடும்பத்துக்கு இதில் தேர்வு என்று ஒன்று எங்கே இருக்கிறது? பருவக் கணக்கும் குழப்பம். டெல்லியில் ஃப்ளூ ஜூலை முதல் செப்டம்பர் வரை உச்சம், ஸ்ரீநகரில் குளிர்காலத்தில், சென்னையிலும் வேலூரிலும் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி, அக்டோபர், நவம்பரில். எல்லா ஊருக்கும் ஒரே மாதத்தைச் சொன்னால் யாரோ ஒருவருக்கு ஊசி காலம் தப்பித்தான் வரும்.

வேறொரு ஊசியின் வரலாறு நமக்கு இங்கே பாடம். 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு கைக்குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு கிராமங்களுக்குள் வந்து ஊசி போடுவது நிறுத்தப்பட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் போட வேண்டும் என்றானது. தேசியக் குடும்பநல ஆய்வின்படி 2005-06-இல் தமிழ்நாட்டில் 80.9 விழுக்காடு குழந்தைகள் எல்லா ஊசிகளையும் போட்டிருந்தார்கள். 2015-16-இல் அது 69.7. காரணங்கள் பல. ஆனால் தெருமுனைக்கு வந்துகொண்டிருந்த கிராம சுகாதார செவிலியர் வராமல் போனது அவற்றில் சிறியதில்லை. பேருந்து ஏறிப் போக வேண்டிய தொலைவை மனத்தயக்கம் என்று எழுதிவிடக் கூடாது. 2017-இல் தட்டம்மை-ரூபெல்லா ஊசி முகாமின்போது வாட்ஸ்அப்பில் வதந்தி பரவி, முகாமின் காலத்தையே நீட்டிக்க வேண்டிவந்தபோது கண்டது உண்மையான தயக்கம். இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. 2019-21 ஆய்வில் தமிழ்நாடு 89.2 விழுக்காட்டுக்குத் திரும்பிவிட்டது.

ஃப்ளூ மிகவும் அச்சுறுத்துவது ஆறு மாதத்துக்குட்பட்ட சிசுக்களை. அவர்களுக்குப் போடும் ஊசியே கிடையாது. தாய் கர்ப்பமாக இருக்கும்போது போட்டுக்கொண்டால், அவளுடைய எதிர்ப்புப் புரதங்கள் நச்சுக்கொடி வழியே குழந்தைக்குப் போய், பிறந்த முதல் சில மாதங்களுக்குத் துணை நிற்கும். அதனால்தான் உலக சுகாதார நிறுவனம் 2012-இல் ஃப்ளூ ஊசிக்கான முன்னுரிமையில் கர்ப்பிணிகளை முதலிடத்தில் வைத்தது. தமிழ்நாட்டில் பெண்கள் ஏறக்குறைய அனைவரும் மருத்துவமனையில்தான் பிரசவிக்கிறார்கள். அதற்கு முந்தைய பரிசோதனைகளுக்கும் பெரும்பாலோர் வருகிறார்கள். அங்கே அவர்களுக்கு டெட்டனஸைத் தடுக்கும் டி.டி. ஊசி போடப்படுகிறது. அதைப் போட்டுக்கொள்வதா வேண்டாமா என்று மாமியாரோடும் கணவனோடும் வாதாடி முடிவெடுத்த பெண்ணை நான் சந்தித்ததில்லை. அது அட்டவணையில் இருக்கிறது, செவிலியர் போடுகிறார், காசில்லை, முடிந்தது. ஃப்ளூ ஊசியும் ஒவ்வொரு ஆரம்ப சுகாதார நிலையத்திலும் மழைக்காலத்துக்கு முன்பு, அதே மேசையில், அதே செவிலியர் கையில் இருக்க வேண்டும், போட்ட மூன்றாம் நாள் "உடம்பு எப்படி இருக்கும்மா?" என்று கேட்டு ஓர் அழைப்பும் போக வேண்டும். பெண்கள் ஏன் மறுக்கிறார்கள் என்ற கேள்வித்தாளை அதற்குப் பிறகு அச்சடிக்கலாம்.